ஊமையான சேனலுக்கு வழிகாட்டி, பாடுகிற சேனல்தான்

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ரிப்பேருக்கு உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது சர்க்யூட் படத்தை. கம்பெனி செட் என்றால் சில சமயம் கிடைக்கும். போர்டு வாங்கி லோக்கலில் அசெம்பிள் செய்த ஆம்ப் என்றால் அப்படி ஒரு படமே இருந்திருக்காது. ஆனால் ஸ்டீரியோ செட்டுக்குள்ளேயே அந்தப் படம் இருக்கிறது. ஒரே சர்க்யூட்டை இரண்டு தடவை கட்டி, ஒன்றுக்கு இடது, இன்னொன்றுக்கு வலது என்று பேர் வைத்ததுதான் ஸ்டீரியோ ஆம்ப். இடது பக்கம் செத்துப்போய் வலது பக்கம் பாடிக்கொண்டிருந்தால், எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், கருகிப்போன ரெசிஸ்டரில் என்னென்ன நிறக்கோடுகள் இருந்தன என்பதையெல்லாம் வலது பக்கமே சொல்லிவிடும்.

அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: கோளாறு ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? இரண்டு சேனலின் அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் ஒரே நேரத்தில் சாவது அபூர்வம். இரண்டும் சேர்ந்து ஊமையானால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் தேட வேண்டும். ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர், அந்த டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர், ப்ரீஆம்புக்கு (வால்யூம், டோன் இருக்கும் முன்பகுதிக்கு) போகும் 15 வோல்ட் சப்ளை, ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் ரிலே (கோளாறு வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும் சுவிட்ச்), செலக்டர் சுவிட்ச். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் இவற்றில் பெரும்பாலானவை நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். நேரே அந்தச் சேனலுக்குள் போய்விடலாம்.

மூடியைத் திறப்பதற்கு முன்பே சில விஷயங்கள் தெரிந்துவிடும். செட்டை ஆஃப் செய்து, இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப் பக்கம் இடம் மாற்றிச் சொருகுங்கள். அதே பெட்டிதான் இன்னும் ஊமை என்றால் கோளாறு பெட்டியில் அல்லது ஒயரில். ஊமை அடுத்த பெட்டிக்குத் தாவினால் ஒயரைப் பழையபடி மாட்டிவிட்டு, பின்பக்கம் பிளேயரிலிருந்து வரும் இடது, வலது ஆர்சிஏ பின்களை இடம் மாற்றிப் பாருங்கள். இப்போது ஊமை இடம் மாறினால் பிளேயரோ கேபிளோதான் குற்றவாளி; மாறாவிட்டால் ஆம்ப். பழைய ஆம்ப்களில் 'டேப் மானிட்டர்' என்று ஒரு பட்டன் இருக்கும். துடைக்கும்போது அது தெரியாமல் அமுங்கிவிட்டால் இரண்டு பக்கமும் சத்தமே வராது. ஸ்பீக்கர் ஏ, பி சுவிட்சும் அப்படித்தான். இந்த இரண்டையும் பார்க்காமல் மூடியைக் கழற்ற வேண்டாம்.

கழற்றும்போது பிளக்கை சுவரிலிருந்து உருவி, கையில் தெரிகிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் ஆஃப் மட்டும் போதாது. ஃபில்டர் கண்டன்சர்கள் பிளக்கை உருவிய பிறகும் சார்ஜோடு இருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் பழக்கம் கண்டன்சருக்கும் கெடுதல், போர்டின் தடத்துக்கும் கெடுதல், கண்ணுக்கும் ஆபத்து. 100 ஓம்ஸ், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு கால்களிலும் இன்சுலேட்டட் ஒயர் வைத்துப் பத்தவைத்து (சால்டர் செய்து) அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். 10,000 மைக்ரோஃபேரட் கண்டன்சரை அது ஐந்து விநாடியில் வடித்துவிடும். பிளஸ் பக்கம் ஒன்று, மைனஸ் பக்கம் ஒன்று என்று இரண்டையும் வடிக்க வேண்டும். பிறகு மீட்டர் வைத்து ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.

இந்த வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், இவற்றோடு ஒரு சீரிஸ் லேம்ப் போர்டு இருந்தால் போதும். இந்தச் சீரிஸ் லேம்ப் இல்லாமல் ரிப்பேர் செய்த ஆம்ப்புக்கு கரன்ட் கொடுக்கவே கூடாது என்பேன். ஒரு பிளக்பாயின்ட், ஒரு பல்பு ஹோல்டர், ஃபேஸ் (லைவ்) ஒயர் பல்பு வழியாகப் போய் பிளக்பாயின்ட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பல்பு பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்இடி பல்போ சிஎஃப்எல்லோ இதற்கு உதவாது. சின்ன ஆம்ப்புக்கு 60 வாட், சேனலுக்கு 50 வாட் தரும் ஆம்ப்புக்கு 100 வாட்.

குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு. சூடேறி எரியும்போது 100 வாட் பல்புக்கு அது 500 ஓம்ஸைத் தாண்டும். ஆம்ப் நன்றாக இருந்தால் கண்டன்சர் சார்ஜ் ஆகும் வரை பல்பு ஒரு மின்னு மின்னிவிட்டு அடங்கிவிடும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் முழுப் பிரகாசத்தோடு எரிந்துகொண்டே இருக்கும். அப்போதும் ஆம்ப்புக்குள் அரை ஆம்பியருக்கு மேல் போகாது. புதிதாகப் போட்ட டிரான்சிஸ்டர் பிழைத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பல்பு தொடரில் இருக்கும்போது உள்ளே வோல்டேஜ் குறைவாகத்தான் இருக்கும். ரிலே க்ளிக் ஆகவில்லையே என்று பதற வேண்டாம். பயாஸையும் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓட வேண்டிய சின்ன கரன்ட்) அந்த நிலையில் கடைசியாக செட் செய்யக் கூடாது. கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங்) பவர் சப்ளை உள்ள புது ரக ஆம்ப்களில் பல்பு விட்டு விட்டு மின்னலாம். அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இரண்டு சேனலும் ஊமை என்றால் ஃபியூஸிலிருந்து ஆரம்பிப்போம். கண்ணாடி ஃபியூஸ் போன விதமே பாதிக் கதையைச் சொல்லும். கம்பி நடுவில் அமைதியாக அறுந்திருந்தால் வயதாகியோ, வோல்டேஜ் ஏறி இறங்கியோ போயிருக்கலாம். கண்ணாடி உட்புறம் கருப்பாகவோ வெள்ளி பூசினது மாதிரியோ இருந்தால் உள்ளே பெரிய ஷார்ட் இருக்கிறது. அதை அப்படியே மாற்றிப் போட்டுப் பார்ப்பது இன்னொரு ஃபியூஸை வீணாக்கும் வேலை. டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில் 'டி' போட்ட ஸ்லோ ஃபியூஸ் இருந்தால் அதே ஸ்லோ ஃபியூஸ்தான் போட வேண்டும். 'எஃப்' ரகம் போட்டால் ஆன் செய்யும்போதே அறுந்துவிடும். அளவைக் கூட்டுவதும், செப்புக் கம்பியைச் சுற்றுவதும் வீட்டுக்கே ஆபத்து.

அடுத்து ப்ரிட்ஜ் ரெக்டிஃபையர். மீட்டரை டயோடு சின்னத்தில் வைத்து ஒவ்வொரு டயோடையும் பார்த்தால் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை, திருப்பினால் ஓபன் (இணைப்பே இல்லை). இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அது ஷார்ட். டிரான்ஸ்ஃபார்மர் 24-0-24 என்றால் ஃபில்டர் கண்டன்சரில் பிளஸ் 33, மைனஸ் 33 வோல்ட் அளவுக்கு வர வேண்டும். ஏசியை 1.414-ஆல் பெருக்கி டயோடுக்கு ஒரு வோல்ட் வரை கழித்துக்கொள்ளுங்கள். லோடு இல்லாதபோது கொஞ்சம் கூடவே காட்டும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். பவர் வோல்டேஜ் சரியாக இருந்தும் இரண்டு சேனலும் கரகரவென்று உடைந்து ஒலித்தால் ப்ரீஆம்புக்கு பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் தரும் 7815, 7915 ரெகுலேட்டர்களைப் பாருங்கள். ஒன்று போய்விட்டால் ப்ரீஆம்பிலுள்ள 4558 ஐசி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அந்த ஐசியின் 1, 7 ஆம் கால்களில் டிசி கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். 12 வோல்ட், 13 வோல்ட் என்று ஒட்டிக்கொண்டு நின்றால் ஐசி அல்லது அதன் சப்ளைதான் கோளாறு.

இனி ஒரு சேனல் மட்டும் போன கதை. இதில்தான் நிறைய பேர் பணத்தை விடுகிறார்கள். ஷார்ட் ஆன டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றி, நேரே கரன்ட் கொடுத்து, கொடுத்த மறுநொடியே புது டிரான்சிஸ்டரையும் பறிகொடுப்பது. அவுட்புட் டிரான்சிஸ்டர் தனியாகச் சாவதில்லை. தன் ஜோடியையும், அதை ஓட்டும் டிரைவரையும், நடுவிலிருக்கும் சின்ன ரெசிஸ்டர்களையும் இழுத்துக்கொண்டுதான் போகும்.

முதல் அளவு எப்போதும் அவுட்புட் டிசி. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, சீரிஸ் லேம்ப் வழியாக ஆன் செய்து, மீட்டரின் கருப்பை கிரவுண்டிலும் சிவப்பை ரிலேவுக்கு முன்னால் உள்ள அவுட்புட் கோட்டிலும் வையுங்கள். இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் எமிட்டர் கால்களில் இருக்கும் ரெசிஸ்டர்கள் சந்திக்கிற முனைதான் அது. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. பிளஸ் சப்ளையையோ மைனஸ் சப்ளையையோ முழுசாகக் காட்டினால் அந்தப் பக்க அவுட்புட் அல்லது டிரைவர் ஷார்ட். இரண்டு மூன்று வோல்ட் என்று அரைகுறையாக நின்றால் இன்புட் ஜோடி டிரான்சிஸ்டர்கள், ஃபீட்பேக் ரெசிஸ்டர், அதன் அடியிலுள்ள சின்ன எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் ஆகியவற்றில் சந்தேகம். இதைப் பார்க்காமல் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. 8 ஓம்ஸ் ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் டிசிக்கு சுமார் 6 ஓம்ஸ்தான். அதில் 35 வோல்ட் டிசி ஏறினால் 200 வாட் அளவுக்கு வெறும் சூடு. கோன் அசையாமல் ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும், சுருளில் காற்றுகூடப் படாது, சில விநாடிகளில் கருகிவிடும்.

அணைத்து, கண்டன்சரை வடித்துவிட்டு, அந்தச் சேனலின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இரண்டையும் வெளியே எடுத்து அளக்க வேண்டும். போர்டில் இருக்கும்போது அளந்தால் பக்கத்துப் பாகங்கள் ஏமாற்றும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், எமிட்டர், கலெக்டர். பேஸ்-எமிட்டர், பேஸ்-கலெக்டர் இரண்டும் ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வரை; கலெக்டர்-எமிட்டர் இரு திசையிலும் ஓபன். பிறகு 0.22 அல்லது 0.33 ஓம்ஸ் எமிட்டர் ரெசிஸ்டர்கள். வெளியே வெள்ளைப் பீங்கான் பளிச்சென்று இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். பேஸில் இருக்கும் சின்ன ரெசிஸ்டர், பிடி 139, பிடி 140 அல்லது டிப் 41, டிப் 42 போன்ற டிரைவர்கள், ஹீட் சிங்கில் (சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடு) ஒட்டியிருக்கும் பயாஸ் டிரான்சிஸ்டர், பயாஸைத் திருகி வைக்கும் சின்ன ரெசிஸ்டரான பிரீசெட். இந்த வரிசையில் ஒன்றையும் விடாதீர்கள். பிரீசெட்டின் உள்தடம் அறுந்தால் பல வடிவமைப்புகளில் பயாஸ் உச்சத்துக்கு ஏறி, புதுசு புதுசாக எத்தனை ஜோடி போட்டாலும் தின்றுவிடும்.

பாடுகிற சேனல் இங்கேதான் கைகொடுக்கும். கரன்ட் இல்லாமல் மீட்டரை ஓம்ஸில் வைத்து, நல்ல சேனலில் ஒரு முனை, கெட்ட சேனலில் அதே முனை என்று மாற்றி மாற்றி அளந்துகொண்டே போங்கள். கருப்பு முனை எப்போதும் கிரவுண்டில். நல்ல பக்கம் 2.2 கிலோ ஓம்ஸ், கெட்ட பக்கம் 40 ஓம்ஸ் என்று எங்கே வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறதோ அங்கே நில்லுங்கள். பேப்பரில் இரண்டு கட்டம் போட்டு எழுதிக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் முழுச் சேனலும் முடிந்துவிடும். போர்டுகள் சில சமயம் கண்ணாடிப் பிம்பம் போல எதிர்த் திசையில் இருக்கும். இடம் பார்த்து அல்ல, தடம் பார்த்து அளக்க வேண்டும்.

பாகங்களை மாற்றியதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களை உடனே பத்தவைக்காதீர்கள். டிரைவர் எமிட்டரிலிருந்து அவுட்புட் கோட்டுக்கு ரெசிஸ்டர் போட்ட வடிவமைப்பு என்றால், அவுட்புட் ஜோடி இல்லாமலே, லோடும் இல்லாமல் ஆம்ப் சமநிலைக்கு வரும். அந்த நிலையில் சீரிஸ் லேம்ப் வழியாக ஆன் செய்து அவுட்புட் கோடு பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் முன்பகுதி முழுவதும் சரி. இரண்டு டிரைவர்களின் பேஸ்களுக்கு இடையே உள்ள வோல்டேஜையும் அப்போதே அளந்து, பிரீசெட்டைத் திருகி 2 வோல்ட்டுக்குக் கீழே இறக்கி வையுங்கள். அதற்குப் பிறகு அவுட்புட்டைப் போடும்போது அது குளிர்ச்சியாகவே எழுந்திருக்கும்.

டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே கரன்டைத் தடுக்கும் மைக்காத் தகட்டையும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2என்3055 மாதிரி உலோக உடல் டிரான்சிஸ்டரில் உடலே கலெக்டர். அதில் முழு சப்ளையும் நிற்கும். ஒரு மணல் துகள், திருகின் ஒரு பிசிறு மைக்காவைக் குத்தினால் ஹீட் சிங்கோடு ஷார்ட். திருகி முடித்ததும் கலெக்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மீட்டர் வைத்து ஓபன் என்று உறுதி செய்யுங்கள். பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும், தோசைக்கு எண்ணெய் தடவுகிற அளவு. அப்பி வைத்தால் சூடு கடத்துவதற்குப் பதில் தடுக்கும்.

ஐசி ஆம்ப்கள் இதைவிட எளிது, ஆனால் அவற்றிலும் ஒரு கண்ணி உண்டு. டிடிஏ 2030, டிடிஏ 7294, எல்எம் 1875 ஆகியவற்றின் முதுகுத் தகடு கிரவுண்ட் அல்ல, மைனஸ் சப்ளை. மைக்கா இல்லாமல் ஹீட் சிங்கில் திருகி, அந்த ஹீட் சிங்க் சேஸிஸை (செட்டின் உலோக உடலை) தொட்டால் கதை முடிந்தது. கார் ஸ்டீரியோவிலிருந்து கல்யாண வீட்டு ஆம்ப் வரை எங்கும் பார்க்கும் எல்ஏ 4440-இன் தகடு கிரவுண்ட்தான், அதற்கு மைக்கா தேவையில்லை. ஆனால் சப்ளை 18 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. டிடிஏ 7294 ஊமையாக இருந்தால் ஐசியை மாற்றும் முன் 9, 10 ஆம் கால்களைப் பாருங்கள். ஸ்டாண்ட்பை, மியூட் இரண்டும் அவைதான். அங்கே வோல்டேஜ் ஏறாவிட்டால் ஐசி நன்றாக இருந்தும் வாயைத் திறக்காது. பழைய செட்களில் வரும் எஸ்டிகே ரக ஆம்ப் ஐசி போயிருந்தால் அதே ஐசியைத் துரத்துவதைவிட, டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜ் ஒத்துவந்தால், டிடிஏ 7294 போர்டு இரண்டு போடுவது நல்லது. அதன் உச்சம் பிளஸ் மைனஸ் 40 வோல்ட். 35-ஐத் தாண்டாமல் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும்.

சென்னையில் பாகங்கள் வாங்க மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் தெருதான். ரெசிஸ்டர், ரிலே, கண்டன்சர், மைக்கா எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். பவர் டிரான்சிஸ்டர் வாங்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சி 5200, ஏ 1943 ஜோடியில் போலிகள் உலகம் முழுக்கப் புழங்குகின்றன. உள்ளே சின்னத் துணுக்கு சிலிக்கான்தான் இருக்கும். மெதுவாக வைத்தால் பாடும், சத்தத்தைக் கூட்டினால் வெடிக்கும். பழைய அசலைக் கையோடு கொண்டுபோய் எடை, கால்களின் தடிமன், எழுத்தின் அச்சு மூன்றையும் ஒப்பிடுங்கள். தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்து எழுத்து கரைந்தால் வேண்டாம். விலை நம்ப முடியாத மலிவாக இருந்தாலே பதில் தெரிந்துவிடும். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரில் 105 டிகிரி என்று அச்சிட்டதையே கேளுங்கள். பத்து டிகிரி சூடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது கணக்கு. நம் ஊர் மே மாதத்தில், காற்று புகாத டிவி ஷோகேஸுக்குள் இருக்கும் ஆம்ப்புக்கு 85 டிகிரி கண்டன்சர் போதவே போதாது. வோல்டேஜ் அளவு சப்ளையைவிட ஒரு படி மேலே இருக்கட்டும்: 35 வோல்ட்டுக்கு 50, முடிந்தால் 63.

கடலோர ஊர் என்பதால் சென்னையில் ஆம்ப் சாகாமலே ஊமையாவது அதிகம். திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் ஆர்சிஏ சாக்கெட் பச்சை பூத்திருக்கும், ரிலே காண்டாக்ட் கறுத்திருக்கும். மெல்ல வைத்தால் ஒரு சேனல் காணாமல்போய், சத்தத்தைக் கூட்டினால் திடீரென்று வந்து ஒட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் ரிலேதான். உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள், காண்டாக்டின் மேல்பூச்சு போய்விடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த வெறும் காகிதத் துண்டைக் காண்டாக்ட் நடுவே விட்டு இழுத்தால் போதும். அதற்கும் மசியாவிட்டால் ரிலே சுருளுக்கு அதே வோல்டேஜுள்ள, பெரும்பாலும் 24 வோல்ட், புது ரிலே. வால்யூம் திருகும்போது கரகரத்தால் காண்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து முப்பது நாற்பது தடவை முழுசாகத் திருகுங்கள். மறுநாளே திரும்பவும் கரகரத்தால் வால்யூமில் டிசி ஏறுகிறது. அதற்கு முன்னால் டிசியைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கண்டன்சர் கசிகிறது. இன்னொன்று, பல்லி. சூட்டைத் தேடி வெண்டிலேஷன் துளை வழியாக உள்ளே போய் சப்ளை முனைகளுக்கு நடுவே மாட்டிச் செத்துக் கிடக்கும். சுத்தம் செய்து, துளைகளுக்கு உள்பக்கம் மெல்லிய வலை ஒட்டிவிடுங்கள்.

தட்டினால் வருகிறது, போகிறது என்றால் டிரை சால்டர், அதாவது காலோடு சரியாக ஒட்டாத ஈயம். பெரிய ரெசிஸ்டர், அவுட்புட் கால்கள், ஹெட்ஃபோன் ஜாக், போர்டு பழுப்பேறிய இடங்கள். காலைச் சுற்றி மெல்லிய வட்ட விரிசல் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். மேலேயே பூசினால் நிற்காது. எண்பதுகளின் ஜப்பான் செட்களில் கண்டன்சர் அடியில் இருக்கும் மஞ்சள் பசை பழுப்பானால் கரன்டைக் கடத்தும், கால்களை அரிக்கும். சுரண்டி எடுத்தாக வேண்டும்.

உறுமல் சத்தத்தில் இரண்டு வகை. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் 'ஜ்ர்ர்' என்று சற்றுக் கூர்மையாக வந்தால் அது 100 ஹெர்ட்ஸ், ஃபில்டர் கண்டன்சர் வற்றிவிட்டது. ஆழ்ந்த 'ம்ம்ம்' என்று வந்து, கேபிளை உருவினால் நின்றால் அது 50 ஹெர்ட்ஸ், கிரவுண்ட் சுற்று அல்லது ஷீல்டு அறுந்த ஒயர். செட்டாப் பாக்ஸின் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் அதுதான். உறுமலை நிறுத்துவதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த்தை வெட்டிவிடுவது உயிரோடு விளையாடுவது.

எல்லாம் முடிந்து பல்பு அடங்கி, அவுட்புட் பூஜ்யம் காட்டியதும் நேரே மெயினில் போட்டு, 15 நிமிஷம் சூடேற விட்டு பயாஸ். 0.22 ஓம்ஸ் ரெசிஸ்டர் இரண்டுக்கும் குறுக்கே 11 மில்லிவோல்ட் என்றால் 25 மில்லி ஆம்பியர். கம்பெனி அளவு தெரியாவிட்டால் நல்ல சேனலில் என்ன காட்டுகிறதோ அதற்குச் சமமாக வையுங்கள். பிறகு 8 ஓம்ஸ், 50 வாட் அலுமினிய ரெசிஸ்டரை ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டி, போனிலிருந்து 200 ஹெர்ட்ஸ் ஒலி கொடுத்து ஏசி வோல்டேஜைப் பாருங்கள். 20 வோல்ட் வந்தால் அது 50 வாட். விலை குறைந்த மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது, 1000 ஹெர்ட்ஸ் கொடுத்துவிட்டு வோல்ட் குறைகிறதே என்று குழம்ப வேண்டாம்.

கடைசியாகக் காது. புல்லாங்குழல் ஆலாபனை ஒன்றை மிக மெதுவாக வைத்துக் கேளுங்கள். பயாஸ் குறைவாக இருந்தால் அந்த ஒற்றை ஸ்வரத்தின் ஓரத்தில் ஒரு சொரசொரப்பு கேட்கும். பலத்த சினிமாப் பாட்டில் அது தெரியவே தெரியாது. அடுத்து தவில் தனி, ஓரளவு சத்தமாக. இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு இரண்டு சேனலின் ஹீட் சிங்கையும் தொட்டுப் பாருங்கள், ஒரே அளவு சூடு இருக்க வேண்டும். அவுட்புட் டிசியை மறுபடி அளந்து 50 மில்லிவோல்ட்டுக்குள் நிற்கிறது என்றால் மூடியைப் போட்டுத் திருகலாம்.